மணி அடித்தால் இங்கிலீஷ்

"கம்ப்யூட்டர் கீறப்போ வாத்தியார் இன்னாத்துக்கு மாமே? மூணே மாசத்துல ஊரே இங்கிலீஷ் பேசும்!" என்று, திருமுல்லைவாயிலில் பயிற்சி மையம் திறந்த வேம்புலி 1997இல் உலகத்துக்கு அறிவித்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, குங்குமமிட்ட கம்ப்யூட்டர் முன் அமர்ந்தால் நீலத்திரை கேள்வி கேட்கும். 'டிங்' என்று மணி அடித்ததும் பதில் சொல்ல வேண்டும். ஹெட்போன் மாட்டிய மாணவர்கள் தூக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுத்தார்கள்.

மாணவி ஞானகுமாரி வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போனாள். அதிகாரி பெயரைக் கேட்டார். அவள் புன்னகையுடன் மணிக்காகக் காத்திருந்தாள். மணியும் அடிக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை.

"நாளிக்கு இன்னொரு இன்டர்வியூ கீது சார். அங்கயும் மணி அடிக்கமாட்டாங்களே!" என்று வேம்புலியிடம் வந்து அழுதாள்.

வேம்புலி கம்ப்யூட்டரை அணைத்து உறை போர்த்தினார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று சொந்தக் குரலில் மெல்லக் கேட்டார்.