காளிதாசன் அண்ணன் உடைத்த தேங்காய்

சுங்கைப் பட்டாணியில் என் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு அடுத்தது காளிதாசன் அண்ணனின் பூசைச் சாமான் கடை. மாலை, கற்பூரம், தேங்காய் எல்லாம் கிடைக்கும். நல்ல மனிதர்தான். சொல்பேச்சு மட்டும் கேட்க மாட்டார்.

கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போதுதான் அவருடைய வலது தோள் முதலில் நழுவியது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சட்டை மாட்டினால் நழுவும், தூக்கத்தில் புரண்டால் நழுவும். மருத்துவமனையில் கிழிந்த தசைநாரைத் தைத்தார்கள். "ஆறு மாசத்துக்குக் கைய ஓங்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா. அண்ணன் பெரிதாகத் தலையாட்டினார்.

ஆனால் தோள் குணமானால் தைப்பூசத் தேருக்கு முன்னால் ஒரு மூட்டை தேங்காய் உடைப்பதாக முருகனிடம் வேண்டியிருந்தார். நாலாம் மாதமே தைப்பூசம் வந்துவிட்டது. "தேரு எனக்காக நிக்குமா தம்பி?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி மூட்டைகூடத் தீரவில்லை. தேங்காய் ஒரு பக்கம் போனது, தோள் ஒரு பக்கம் போனது. குணமானதற்கு நன்றி சொல்லப் போய்த் தோளையே கெடுத்துக்கொண்டவர் எங்கள் கெடா மாநிலத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்கு வந்த கோபத்தில், ஆம்புலன்சிலும் கூடவே ஏறிப் போய்த் திட்டினேன்.

இரண்டாவது அறுவை சிகிச்சை சின்ன விஷயமில்லை. தோளின் முன்பக்க எலும்பில் ஒரு துண்டை வெட்டி, தேய்ந்துபோன குழியின் விளிம்பில் வைத்து ஸ்குரு போட்டு முடுக்க வேண்டும். "இதுவும் விட்டுப்போச்சுன்னா அப்புறம் கைய தூக்குறது சிரமம்" என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அண்ணனின் மனைவி லோகேஸ்வரி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "இந்தத் தடவ சாமிகிட்ட எதையும் வாய விட்றாதீங்க."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பயந்துபோயிருந்தார். பயிற்சிக்கு ஒழுங்காகப் போனார். ஆனால் கை மார்புக்கு மேல் வந்தாலே முகம் வெளிறி இறக்கிவிடுவார். கடைக்கதவைத் தினமும் நான்தான் தள்ளித் திறந்தேன்.

"டாக்டரு தூக்கலாம்னு சொல்லிட்டாங்கதானே அண்ணே?"

"அவங்க சொல்லிட்டாங்க தம்பி. தோளு இன்னும் சொல்லல லா."

அடுத்த தைப்பூசத்தன்று மாலை, அக்கா ஒரு மூட்டை தேங்காயைச் சாலையோரம் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் நடுங்கிப்போனார்.

"யாருக்கு இது?"

"எனக்கு. நீங்க ஆப்பரேஷன் ரூம்ல இருந்தப்ப நான் வேண்டிக்கிட்டேன். உடைக்கப்போறதும் நான்தான். நீங்க ஓரமா நில்லுங்க."

உடைத்தார் பாருங்கள்! ஓர் ஆண்டு முழுக்க அடக்கிவைத்த பயமும் கோபமும் சேர்ந்து சாலையில் சிதறின. நானே இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

தேர் வந்தது. கூட்டம் "வேல் வேல்" என்று முழங்கியது. எல்லாருடைய கைகளும் தலைக்கு மேலே போயின. அண்ணனின் கைகளும் போயின. இரண்டு கைகளும். தன்னை அறியாமலே தூக்கிக் கும்பிட்டுவிட்டார். தோள் நழுவவில்லை.

அவர் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர் தாண்டிப் போன பிறகும் அண்ணன் கையை இறக்கவில்லை.

"போதும்ங்க, இறக்குங்க" என்றார் அக்கா அழுதுகொண்டே. "நாளைக்குக் கடக்கதவு இருக்கு."