உவரிக்காரியின் குரல்

தலைமைப் பண்பு என்று யாராவது பேச்சை எடுத்தாலே இப்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் துறைத் தலைவர் தலைமைப் பண்பைப் பற்றி வகுப்பெடுப்பதில் பெயர் போனவர். வெளியூர்களுக்கெல்லாம் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். திரையில் அவர் முதலில் காட்டுவது இதைத்தான்: உயிர் ஊசலாடும் நேரத்தில், குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர்கூட 'நிறுத்துங்கள்' என்று சொல்லலாம். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அப்படி எங்களிடம் கடைசியாக வந்து சேர்ந்தவள் உவரிப் பெண். முதலாண்டுப் பயிற்சி மருத்துவர், அப்பா கடலுக்குப் போகிறவர். கடற்காற்றை மீறிப் பேசிப் பழகிய குரல் அவளுக்கு. வார்டின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் தூங்குகிற குழந்தை புரண்டு படுக்கும். எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அவசரப் பிரிவில் முணுமுணுக்கிற டாக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? "தப்புன்னு பட்டா ஒடனே சொல்லிரு, எதுக்க நிக்கது யாருன்னு பாக்காத" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மருந்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். வாய் திறக்கிற பழக்கம் ஒருமுறை போனால் திரும்பி வராது. அது அவளிடம் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

ஒரு மத்தியானம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து நாலு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். "வெறகடியில வெளையாடிக்கிட்டு இருந்தாம்மா. தேளு கொட்டிட்டு. ஒடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுதும்மா" என்றார். பையனின் கைகால் சில்லிட்டிருந்தது. அன்று தலைவர் யாரோ விருந்தினருக்குப் பிரிவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவன் எதையும் தொடக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். உடம்பு சில்லிட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, "சலைன வேகமா ஓட விடுங்க" என்றார்.

நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்த உவரிக்காரி நிமிர்ந்தாள். "சார், வேண்டாம்! ரெண்டு பக்கமும் நெஞ்சுல தண்ணி சத்தம் கேக்கு. செந்தேள் விஷம். சலைன் ஏத்துனா மூச்சு முட்டிரும்."

வார்டே கேட்டது. விருந்தினரும் கேட்டார். அதுதான் அவள் செய்த குற்றம்.

"இங்கன லீடர் யாரு? நீயா, நானா?" என்றார் தலைவர். "மீன் ஏலம் விடுத எடமா இது? பையப் பேசு."

நான் சலைனை மூடினேன். ஆக்சிஜன் வைத்து, தேள்கடிக்கான மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் பையனின் கைகால் சூடேறியது. மறுநாள் இட்லி கேட்டு அழுதான்.

வியாழக்கிழமை காலைச் சிற்றுண்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் தலைவர். நான் எழுந்து, "சார், அவ சொன்னதாலதான் அந்தப் பையன் பொழச்சான்" என்றேன். "விஷயம் சரி டாக்டர். டோன் தப்பு" என்றார். மற்றவர்கள் தட்டிலிருந்த சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து ஏதோ சொன்னாள். தலைவர் கையிலிருந்த போண்டாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, "ம், சத்தமா" என்றார். மெதுவாகப் பேசச் சொன்ன அதே மனிதர். அவள் இன்னொரு முறை சொன்னாள். அவர் வாயோரம் வழிந்த சட்னி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் போண்டா தின்பதில்லை.

அதோடு விட்டாரா? அடுத்த மாதம் எங்கள் அரங்கிலேயே நடந்த பயிற்சி வகுப்பில் அதே பையனின் கதையைச் சொன்னார். "என் குழுவின் கடைசி மாணவி ஒரு வார்த்தை சொன்னாள். நான் செவிகொடுத்தேன்" என்று நெஞ்சில் கை வைத்தார். கைதட்டல் பறந்தது. அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவளும் தட்டினாள். பக்கத்தில் இருந்த எனக்கு எழுந்து வெளியே போய்க் காறித் துப்பலாம் போல இருந்தது.

அதன் பிறகு அவளை வார்டில் தேட வேண்டியிருந்தது. கேட்டால் மட்டும் பதில், அதுவும் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். கேன்டீனில் உட்கார வைத்து, "நீ செஞ்சதுதான் சரி. யாருக்காகவும் மாறாத" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். எது சொன்னாலும் அப்போது அவளுக்குச் சரிதான்.

மழைக்காலத்தில், ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தையை வலிப்போடு கொண்டு வந்தார்கள். நான் பக்கத்துக் கட்டிலில் வேறொரு குழந்தையோடு இருந்தேன். தலைவர் கால்மாட்டில் நின்றபடி, ஏதோ மாநாட்டுக்கு ஓட்டலில் அறை பிடிப்பது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே வலிப்பை நிறுத்துகிற மருந்தின் பெயரைச் சொல்லி, "பத்து மில்லி" என்றார். அந்தக் குழந்தைக்கு ஒரு மில்லி போதும். பத்து போனால் வலிப்போடு மூச்சும் நின்றுவிடும்.

தற்செயலாகத் திரும்பினேன். உவரிக்காரியின் கையில் பெரிய சிரிஞ்ச் இருந்தது, நிறைய மருந்தோடு. அதைக் குழந்தையின் கையிலிருந்த ஊசிக் குழாயில் பொருத்திக்கொண்டிருந்தாள். பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சிரிஞ்சைப் பிடுங்கிவிட்டு, சரியான அளவை நானே ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அளவு தப்புன்னு தெரியலையா ஒனக்கு?" என்றேன்.

"தெரிஞ்சுது மேடம்." அவ்வளவு பக்கத்தில் நின்றும் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. "சார் சொன்னாங்க."

தலைவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. "ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் பிடிக்கணும், அதான் டீம்" என்றார். பிறகு அவள் தோளில் தட்டினார்.

"பரவால்லியே. வந்தப்ப இருந்ததுக்கு இப்ப நல்லாத் தேறிட்ட."

"தேங்க் யூ சார்" என்றாள் அவள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது.