கட்டைவிரலால் பார்த்த நாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. நம்பாதவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வந்தால் நாடி எழுதிய அட்டையைக் காட்டுகிறேன். டீ மட்டும் அவர்கள் வாங்கித் தர வேண்டும்.

கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவன் நான். விடுதிச் சாம்பாருக்கு இரங்கற்பா எழுதி, மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றவன். அதனால் நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, என் இடது கையைப் பார்க்கிறார்கள்.

வருடம் 1978. விலங்கியலில் தேறவில்லை. தவளைக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு முதலுதவிச் சான்றிதழ். அந்த வகுப்புக்கு நான் போனதே அங்கே பன் கொடுத்தார்கள் என்பதற்காக. அந்தச் சான்றிதழை வைத்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பாலையில் ஆம்புலன்ஸ் உதவியாளனாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் தற்காலிகம். தனியாக ஒரு நோயாளியை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் நிரந்தரம்.

அந்த வேலைமேல் எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. இதைச் சிரிக்காமல்தான் எழுதுகிறேன். ஆலைக்கும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அத்தனை தூரமும் அடிபட்டவனுக்கு டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கம்பவுண்டர் சாலமோன். சிரிக்கவே மாட்டார். முதல் நாளே சொன்னார்.

"வண்டி கேட்டத் தாண்டினா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கையை வுடக் கூடாது. இடது கையால நாடி. வலது கையால பென்சில். பத்து நிமிஷத்துக்கு ஒரு தபா எண்ணி அட்டையில எழுது. கட்டைவிரல மட்டும் வெக்காத."

"ஏன் சார்?"

"கட்டைவிரலுக்குச் சொந்தமா நாடி கீது. உன்னுதையே எண்ணிக்கினு பொணத்த இட்டுக்கினு போவ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் 23, வியாழக்கிழமை. சாலமோன் பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறக்கப்போய், இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சுட்டுக்கொண்டேன். நானே துணி சுற்றிக் கட்டினேன். கட்டு நன்றாகவே வந்திருந்தது. சாலமோன் பார்க்கவில்லையே என்று வருத்தம்கூட.

6.15-க்கு மணி அடித்தது. உலைப் பக்கம்.

விழுந்து கிடந்தவர் முனிகிருஷ்ணன். பழவேற்காட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். சித்திரை வெயிலிலும் உலைக்கு ஒட்டினாற்போல நிற்பார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காயம் இல்லை. ரத்தம் இல்லை. சூட்டில் மயங்கிவிட்டார் என்றார்கள்.

இடது கையில் மட்டும் கையுறை போட்டிருந்தார். கழற்றினேன்.

உலை வாசலில் கிடந்த உடம்பு. தொட்ட இடமெல்லாம் சுட்டது. அந்த இடது கை மட்டும்... சில்லென்று இருந்தது.

என் இரண்டு விரலிலும் கட்டு. வேறு வழியில்லாமல் கட்டைவிரலை வைத்தேன்.

டப்... டப்... டப்.

நாடி இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சாலமோன் சொன்னதெல்லாம் மறந்துபோனது.

டிரைவர் மோசஸ் ஸ்டிரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார். "இன்னா காலேஜு, தனியாப் போய்டுவியா?" என்றார். பிறகு முனிகிருஷ்ணன் முகத்தைப் பார்த்தார். "அவனுக்கு இந்த வண்டி புதுசு இல்ல. நீதான் புதுசு."

என்ன அர்த்தம் என்று கேட்க நேரமில்லை.

முனிகிருஷ்ணனின் மனைவி கோவிந்தம்மா ஆலை கேண்டீனில் வேலை பார்ப்பவர். கையில் மாவோடு ஓடிவந்தார். விதிப்படி முன் சீட்டில் மோசஸ் பக்கத்தில் உட்கார வைத்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் தகரத் தடுப்பு. அதில் ஒரு சின்ன ஓட்டை. குரல் வரும், முகம் தெரியாது.

பின்னால் விளக்கு எரியவில்லை. டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டேன். சாலமோனின் பாக்கெட் கடிகாரம் எதிரே கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

6.30. கேட்டைத் தாண்டினோம். எண்ணினேன். 76.

"தம்பி... நாடி கீதா?" ஓட்டை வழியாகக் கோவிந்தம்மா.

"கீதுக்கா."

அந்த ஊர்ப் பேச்சு எனக்கு மூன்று மாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

6.40. 70. "கீதா?" "கீதுக்கா."

6.50. கவரைப்பேட்டை தாண்டியாயிற்று. 61. "கீதா?" "கீதுக்கா." கொஞ்சம் குறைகிறதே என்று நினைத்தேன். போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

7.00. தச்சூர் கூட்டு ரோடு. கடை வெளிச்சம் ஒரு நொடி உள்ளே வந்து போனது. 52. "கீதா?" "கீதுக்கா. நல்லா கீது."

பொய்தான். கோவிந்தம்மா தைரியமாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

"அண்ணே, சீக்கிரம்," என்றேன் மோசஸிடம்.

"ரோடு நம்மளுதா? லாரிக்காரன்கிட்ட சொல்லு."

7.10. காரனோடைப் பாலம். ஆற்றுக் காற்று உள்ளே அடித்தது. 40.

"கீதா?" "கீதுக்கா." அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் கையில் இருந்த குளிர் குறைந்திருந்தது. மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

பிறகுதான் உறைத்தது. அவர் கை சூடாகவில்லை.

என் கை குளிர்ந்துகொண்டிருந்தது.

7.20. சோழவரம். ஏரிப் பக்கம் ஒரே இருட்டு. 27. எண்ணிக்கையில் தப்பு இருக்கும் என்று இன்னொரு நிமிடம் எண்ணினேன். 27-தான். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்... நேரம் நீண்டுகொண்டே போனது.

"கீதா தம்பி?"

"கீது..."

என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

7.30. செங்குன்றம். கடைவீதி. ஹாரன், சைக்கிள் மணி, சினிமாக் கொட்டகைப் பாட்டு. எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல. 14.

"கீதா?"

"ம்... கீது."

கையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. விரல்கள் அசையவில்லை.

டார்ச் மங்கியது.

பயம் வரவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. பயந்தால் நெஞ்சு படபடக்கும் அல்லவா?

என் நெஞ்சு படபடக்கவில்லை.

7.40.

டப்...

காத்திருந்தேன்.

வரவில்லை.

கடிகார முள் ஒரு சுற்று முழுக்கச் சுற்றியது.

வரவே இல்லை.

பென்சிலை எடுத்து 'இல்லை' என்று எழுதினேன். எழுத்து நேராகத்தான் விழுந்தது.

"தம்பி... கீதா?"

வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை.

"கீதா தம்பி?"

அப்போது...

என் பிடியில் இருந்த கை அசைந்தது. விரல்கள் மடங்கி என் மணிக்கட்டைத் தேடின. பெருவிரல் பக்கம், எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில், சரியான இடத்தில் வந்து நின்றன.

இரண்டு விரல்.

ஆள்காட்டி விரல். நடுவிரல்.

லேசாக அழுத்தின. காத்திருந்தன.

எண்ணுவதுபோல.

"கீது," என்றது ஒரு குரல்.

நான் இல்லை.

முன்னால் கோவிந்தம்மா அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தது. யாரோ முதுகில் அடித்ததுபோல எனக்கு மூச்சு வந்தது. இருமினேன். டார்ச் பளிச்சென்று எரிந்தது. முனிகிருஷ்ணனின் விரல்கள் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன.

7.50. எண்ணினேன். 76.

"கீதுக்கா," என்றேன், கோவிந்தம்மா கேட்காமலே.

8.05. ஆஸ்பத்திரி. டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். தாடையை அசைத்துப் பார்த்தார். விறைத்திருந்தது.

"எப்ப போச்சு?"

அட்டையை நீட்டினேன். கீழ்வரை படித்தார். பிறகு என்னைப் படித்தார்.

"வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே போயாச்சுப்பா. யார் நாடியை எழுதிட்டு வந்த?"

வெளியே வராந்தாவில் கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தார். கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. அழவில்லை. நான் எதிரே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"ஒம்போது தபா கீதுன்னு பதில் வந்துச்சு, தம்பி," என்றார்.

"ஆமாக்கா. நான்..."

"எட்டு தபா நீ சொன்ன." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு தபா அவரு சொன்னாரு. பதினெட்டு வருசம் கூட வாழ்ந்தவ. கொரல் தெரியாதா எனக்கு?"

மறுநாள் காலை 9.10-க்குச் சாலமோன் அட்டையை வாங்கிப் பார்த்தார். என் கட்டு போட்ட விரல்களைப் பார்த்தார்.

"கட்டைவிரல் வெச்சியா?"

"ஆமா சார்."

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "லூசு. உன்னுதத்தான் எண்ணிக்கினு போயிருக்க."

எனக்கு அப்படியொரு நிம்மதி. உயிரே இல்லாத ஆளுக்கு நாடி எழுதியவன் என்று கேண்டீனில் கேலி செய்வார்கள். செய்யட்டும். நானும் சிரித்தேன். அந்த நிம்மதி அரை நிமிடம் இருந்தது.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அட்டையின் கீழ்ப்பாதியைப் பார்த்தோம்.

40. 27. 14. இல்லை.

என்னுடையது.

சாலமோன் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். அடியில் இருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். நவம்பர், 1976. பென்சில் எழுத்து, வேறு கை.

76. 70. 61. 52. 40. 27. 14. இல்லை. 76.

"இது யார் எழுதினது?"

"உனக்கு முன்னாடி வண்டியில இருந்தவன். நாலு வருசம் இருந்தான்." பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்தார். "முனிகிருஷ்ணன். அன்னிக்கு இட்டுக்கினு போனது ஒரு லாரி கிளீனர. அவனும் ஏத்துறதுக்கு முன்னாடியே செத்துட்டான்னு டாக்டரு சொன்னாரு."

"அவரும் கட்டைவிரலா சார்?"

"அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அந்த ரெண்டு வெரலத் தவிர வேற வெக்க மாட்டான்."

பழைய அட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

"அப்புறம் ஏன் உலைக்குப் போனார்?"

"அவனே எழுதிக் கேட்டு வாங்கிக்கினு போனான். அந்த ட்ரிப்புக்கு அப்பால இடது கையில சூடே ஏறலன்னான். உலைகிட்ட நின்னா கொஞ்சம் தேவலாம்னான்."

சொல்லிக்கொண்டே என் இடது கையை எடுத்தார். இரண்டு விரல் வைத்தார். எண்ணவில்லை. மெதுவாக மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு, தன் விரல்களை வேட்டியில் தேய்த்துக்கொண்டார்.

டிசம்பரில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டாலும், அட்டையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் எழுதியிருந்ததை மேனேஜர் பாராட்டினாராம். உத்தரவைக் கொடுக்கும்போது சாலமோன் ஒன்று சொன்னார். "உலைகிட்ட ஒரு இடம் காலியா கீது. வோணும்னா சொல்லு." வேண்டாம் என்றேன். எனக்கு வண்டிதான் வேலை என்றேன்.

இதை எழுதுவது 1979 மே மாதம். அக்னி நட்சத்திரம். தெருவில் தார் உருகி மோசஸின் செருப்பு ஒட்டிக்கொண்டது. நான் வலது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கையில் கம்பளிக் கையுறை. அதன்மேல் போர்வை.

நேற்று மதியம் 2.20-க்கு நானே சாலமோனிடம் போய்க் கேட்டேன்.

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.