நான் இரண்டாகப் பிரித்த ஃபைல்

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கல்லூரி மதிப்பெண்களை அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். டைப்ரைட்டிங் வேகத்துக்காகத்தான் எடுத்திருந்தார்கள். எதைக் கெடுத்துவிடுவேனோ என்று எந்நேரமும் பயந்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் யூனிக்ஸ் மிஷினுக்கு வள்ளியூர்க்காரர் ஒருவர் கட்டளைகள் அடங்கிய சின்ன ஃபைல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். அதன் பெயரை அடித்தால் போதும். மதிப்பெண்களை எந்த டைரக்டரியில் சேமிக்க வேண்டும், எந்தப் பிரிண்டர் என்பதையெல்லாம் முதலில் அமைத்துவிட்டு, மார்க் புரோகிராமை அதுவே திறந்துவிடும். எனக்கு அதுதான் பயம். அமைப்பது தவறி, புரோகிராம் மட்டும் திறந்துகொண்டால்? யாரிடமும் சொல்லாமல் அதை இரண்டு ஃபைலாகப் பிரித்தேன். முதலாவது எல்லாவற்றையும் அமைத்து, டைரக்டரியின் பெயரைத் திரையில் காட்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே இரண்டாவதை ஓட்டுவேன்.

கூட வேலை பார்த்த அக்கா இரண்டு நாள் மதிப்பெண்களை வாசிக்க, நான் அடித்தேன். மூன்றாம் நாள் காலை, அடித்ததைச் சரிபார்க்க முதன்முறையாகத் திறந்தால் பட்டியல் காலி.

“எங்க தம்பி எல்லாம்?” வாசித்து வாசித்துக் கட்டிப்போயிருந்த தொண்டை அக்காவுக்கு.

முதலாளி வள்ளியூருக்குப் போன் போட்டார். “என்னத்தவே எழுதிக் குடுத்தீரு? ரெண்டு நாள் வேலையை முழுங்கிட்டு நிக்கி. வந்து பாரும். இனிமே நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

பக்கத்தில்தான் நின்றேன்.

மதியம் பஸ்ஸில் வந்து இறங்கியவர் நாற்காலியை இழுப்பதற்குள் சொல்லிவிட்டேன். “அண்ணாச்சி, அத நான் ரெண்டாப் பிரிச்சேன்.”

முதலாளி திரும்பினார்.

“பிரிச்சீரா?” என்றார் வள்ளியூர்க்காரர். “மொத ஃபைலு தனியா ஓடி முடிஞ்சா, அது வச்ச அமைப்பும் அதோட போயிரும்வே. ரெண்டாவதுக்கு ஒண்ணுந் தெரியாது. எங்கன்னு சொல்லாததால, புது ஆளுக பழகுற டைரக்டரியில போய் எழுதிக்கிட்டுக் கெடந்திருக்கு. காலையில மிஷினப் போட்டதும் அது தன்னால காலியாயிருமே!”

“திரையில சரியான பேரைப் பாத்தேனே அண்ணாச்சி!”

“நீரு பாக்கும்போது சரியாத்தான் இருந்திருக்கும்.”

தினமும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்தேன்.

“போன்ல பேசுனத மனசுல வைக்காதிரும்வே,” என்றார் முதலாளி அவரிடம். “இனிமேயும் நம்ம வேலைய நீரே பாரும்.” பிறகு என்னிடம், “ஏலே, ஒன் கவனத்துல தீய வைக்க.”

வள்ளியூர்க்காரர் ஃபைலைப் பழையபடி ஒன்றாக்கினார். அக்கா மறுபடி முதல் தாளை எடுத்தாள்.

“பைய அடி தம்பி, அவசரமில்ல.”

முதல் மதிப்பெண்ணையே தப்பாக அடித்தேன்.