ஆறாவது கோட்டு

என் அறைக் கதவின் பின்னால் வெளிர்பச்சைக் கோட்டு ஒன்று தொங்குகிறது. மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. வலது கை மடிப்பில் ஒரு மஞ்சள் கறை. எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை, இப்போது துவைப்பதையும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அது என் கோட்டு இல்லை. யாருக்காகத் தைத்தோமோ அந்த ஆள் கடைசிவரை வேலைக்கு வரவேயில்லை.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி உள்ளே கொஞ்சம் நடந்தால் நான் வேலை பார்த்த முதியோர் இல்லம். பதினோரு வருடம் அங்கே அலுவலகப் பொறுப்பு எனக்கு. யாருக்கு எந்த நாள், எந்த அறை என்று டூட்டி சார்ட் போடுவதுதான் முக்கியமான வேலை. நாற்பத்தெட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்ட, ஊட்டிவிட, கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப்போக, பகலில் எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் ஆறு உதவியாளர்களாவது இருந்தாக வேண்டும். இல்லத்துக்கான அனுமதியைப் புதுப்பிக்க அது ஒரு நிபந்தனை. பழைய கோட்டுகள் சாயம் போய்விட்டன என்று புதிதாக ஆறு தைக்கக் கொடுத்தேன். அப்போது எங்களிடம் இருந்தது மூன்றே பேர். கோட்டு வந்தால் ஆளும் வந்துவிடும் என்று எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை.

அந்த மூவரில் மூத்தவரைப் பெரியக்கா என்போம். வல்லம் வடகால் பக்கத்துக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. குனியும்போது அது படுத்திருப்பவர் முகத்தில் இடிக்கக் கூடாது என்று ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொள்வார். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இடுப்புக்கு அடியில் மடித்த பெட்ஷீட்டை விரித்து, ஆளுக்கொரு பக்கம் விளிம்பைச் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கிச் சாய்ப்பார்கள். அதற்குப் பெரியக்கா எண்ணுவது "ஒன்னு, ரெண்டு, ஏசுவே". மூன்று என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடைசி அறையில் பக்கவாதம் வந்த ஒரு டீச்சரம்மா இருந்தார், நல்ல கனத்த உடம்பு. வாழ்நாளெல்லாம் கணக்குப் பாடம் எடுத்தவர் என்பதால், "மூணு எங்கடி போச்சு?" என்று ஒவ்வொரு தடவையும் குழறிக் கேட்பார். "மூணு சாப்புட போயிருக்குது டீச்சர்" என்பார் பெரியக்கா. நாலு வருடம் படுக்கையில் கிடந்த அந்த முதுகில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. "வந்து பாரும்மா, கொழந்த முதுகு மாதிரி கீது" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

ஆட்கள் வராமல் இல்லை, வந்தவர்கள் நிற்கவில்லை. தெற்கேயிருந்து வந்த பெண்கள் நாங்கள் கொடுத்த அறையில் தங்கி, ஒரு மாதத்தில் வேலையைக் கற்றுக்கொள்வார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஊர்க்காரப் பெண்களை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலோ கடைத்தெருவிலோ பார்ப்பார்கள். அடுத்த வாரம் பெட்டியோடு என் முன்னால் நிற்பார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். "போவ மனசே இல்லக்கா. ஆனா அங்கன ஞாயித்துக்கெழம லீவு தாராவல்லா, வாசலுக்கே பஸ் வருது. இங்க ஒரு நா ஒக்கார முடியலயே" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். அன்றும் ஒரு கோட்டைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன்.

அனுமதியைப் புதுப்பிக்கும் முன் அரசிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மூன்று பேர் என்று தெரிந்தால் அனுமதி போய்விடும். அனுமதி போனால் நாற்பத்தெட்டுப் பேரும் எங்கே போவார்கள்? பாதிப் பேருக்குப் பிள்ளைகளின் பழைய போன் நம்பர்தான் முகவரி. யோசனை என்னுடையதுதான், வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். சமையற்கார அம்மா, துணி துவைக்கும் பெண், வாட்ச்மேனின் மனைவி மூவருக்கும் கோட்டு மாட்டிவிட்டேன். சமையற்கார அம்மாவுக்குப் பொத்தான் எட்டவில்லை. இழுத்ததில் ஒன்று தெறித்து எங்கேயோ ஓடிவிட்டது. பெரியக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கோட்டுக்கு ஆளு தேடிக்கினு கீற. எனக்கு அந்தாண்ட பக்கம் புடிக்க ஆளு வோணும்மா" என்றார். சொல்லிவிட்டு, அவரே போய்ச் சமையற்கார அம்மாவின் காலரைச் சரிசெய்தார்.

ஆய்வுக்கு வந்த அம்மையார் கடுமையானவர் இல்லை. தலைகளை எண்ணினார். சாம்பாருக்குத் தாளித்துவிட்டு ஓடிவந்த சமையற்கார அம்மாவின் கையில் இருந்த மஞ்சள், அவர் கோட்டின் கை மடிப்பில் ஈரமாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே வரிசையாகக் கிடந்த கட்டில்களையும் பார்த்தார். பிறகு "ஆறு பேர், போதுமானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரில் ஏறும்போது, "சீக்கிரம் ஆள் போடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

தப்பித்தோம் என்றுதான் அன்று நினைத்தேன். மறுவாரம் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டபோது, "மூணு பேரை வச்சே பாஸ் பண்ணிட்டீங்களே, இப்ப என்ன அவசரம்?" என்றார் செயலாளர். ஆறு பேர் இருக்கிறார்கள் என்று காகிதத்திலேயே இருக்கிறது, நான்தான் இருக்க வைத்தேன். அதற்குமேல் எந்த வாயோடு கேட்பது?

ஒரு நாள் மற்ற இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தாள். நான் அவ்வப்போது போய் மறுபக்கம் பிடித்ததுண்டு. போன் அடித்தால் விட்டுவிட்டு ஓடிவருவதும் உண்டு. அன்று காலையிலிருந்தே போனில்தான் இருந்தேன், ஆள் தேடிக்கொண்டு. கடைசி அறையிலிருந்து "ஒன்னு, ரெண்டு" என்று கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார், நிமிர முடியவில்லை. டீச்சரம்மா மேலேயிருந்து, "அக்காவப் பாரு, அக்காவப் பாரு" என்று அழுதார். அந்த நாலு வருடத்தில் கணக்கு கேட்காமல் அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

பெரியக்கா திரும்ப வேலைக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் டீச்சரம்மாவின் முதுகில் சிவந்தது, பிறகு தோல் விட்டது. மருந்து போட்டோம், தண்ணீர்ப் படுக்கை வாங்கினோம், இருக்கிற இருவரையும் விரட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். உடலை வாங்க வந்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றான். அந்த நன்றி இன்னும் கையில் எரிகிறது. வேலையை விட்ட அன்று மஞ்சள் கறைக் கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். யாரும் தேடவில்லை.

போன வாரம் பெரியக்காவைப் பார்க்கப் போனேன். முதுகில் ஆபரேஷன் செய்தும் கால்களுக்கு உயிர் வரவில்லை, இப்போது அவரும் படுக்கைதான். மகன் இருங்காட்டுக்கோட்டையில் வேலை, மருமகள் ஒரகடத்தில் முதல் ஷிப்ட். மருமகளின் கம்பெனி பஸ் நாலு மணிக்குத்தான் வரும். நான் போனபோது பன்னிரண்டு. காலையில் போட்ட பக்கமாகவே கிடந்தார். கேட்காமலே பெட்ஷீட்டின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்தேன். அவரே எண்ணினார், "ஒன்னு, ரெண்டு, ஏசுவே" என்று. என் பக்கம் மட்டும் எழும்பியது. அவர் முகம் கோணியதும் பயந்து விட்டுவிட்டேன்.

"வுடும்மா. உன் இடுப்பும் போனா யாரு பாக்கறது" என்றார். பிறகு, "அந்தப் பச்ச கோட்டு கீதா இன்னும்?" என்று கேட்டார்.

"இருக்குக்கா."

"அத யாருக்குனா மாட்டி இட்டாந்து அந்தாண்ட நிக்க வெய்யேன். நீதான் கெட்டிக்காரி ஆச்சே."

கிண்டலாகத்தான் சொன்னார், சிரிக்கவும் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணிவரை அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து போனும் கையுமாக இருக்கிறேன். பகலில் சில மணி நேரம் பெரியக்காவோடு இருக்க ஒரே ஒரு ஆள். படப்பையில் தெரிந்த வீடு ஒன்று விடவில்லை, கேட்டுவிட்டேன். "பொண்ணு கம்பெனிக்குப் போவுதும்மா" என்கிறார்கள் எல்லா வீட்டிலும். இன்று காலை அந்தக் கோட்டை எடுத்து, விழுந்துபோன பொத்தானுக்கு வேறொன்று வைத்துத் தைக்கலாமா என்று பார்த்தேன். பிறகு அப்படியே கதவின் பின்னால் மாட்டிவிட்டேன்.