டிக்கியில் எண்பது கிலோ அரிசி

சென்ற வியாழக்கிழமை காலை ஏழு மணி இருபத்தைந்து. விடிய விடியப் பனி கொட்டி, ஒஸ்லோ முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு முதியோர் இல்லத்துக்கு ஏறும் மேட்டு வீதியில், கடைசி வளைவுக்குச் சற்றுக் கீழே, ஒரு செம்மஞ்சள் நிறக் கார் வீதிக்குக் குறுக்கே நின்றது. எட்டுச் சிலிண்டர். நானூற்றுச் சொச்சம் குதிரைவலு. பின்சக்கரங்கள் இரண்டும் வெறிகொண்டு சுழல்கின்றன... கார் ஓரடி ஏறவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் உங்கள் பத்தி எழுத்தாளன்தான். இருபத்திரண்டு வருடமாக இதே நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன்! பக்கத்து சீட்டில் என் மனைவி சுகந்தி. ஏழரைக்கு அவளுக்கு அந்த முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கும்.

"இஞ்சருங்கோ, பின்னுக்குப் போகுது..."

"தெரியுது."

"தெரிஞ்சா நிப்பாட்டுங்கோ!"

நிறுத்த நான் யார்? அது தன் பாட்டில் வழுக்கிப் போய், ஓரத்துப் பனிக்குவியலில் பின்பக்கத்தை இடித்து, தானாகவே நின்றது. சுகந்தி மணியைப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. "பதினேழு வருஷம்..." என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பதினேழு வருடக் கதையைச் சொல்வதற்கு முன், இந்தக் கார் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் ஓட்டுவது மின்சார பஸ். நல்ல பஸ், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சத்தமே இல்லை. பழைய டீசல் பஸ்ஸில் மேடு ஏறும்போது இஞ்சின் முக்குவது காலில் தெரியும். இதில் எட்டு மணி நேரம் இருப்பது லிஃப்டில் நிற்பது மாதிரி. எனக்குச் சத்தம் வேண்டும் என்று மனம் கேட்டது. ஐம்பத்து மூன்று வயதில் கேட்டது. என்ன செய்ய?

வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் ஒரு பல் வைத்தியர் தன் அமெரிக்கக் காரை விற்கிறார் என்று இணையத்தில் பார்த்தேன். முன்சக்கரம் இழுக்கும் எங்கள் பழைய காரை விற்றேன், ரயில் ஏறிப் போனேன், வாங்கினேன். சாவியைத் தரும்போது பல் வைத்தியரின் கண் கலங்கியிருந்தது. வாசலில் நின்ற அவருடைய மனைவியின் முகத்திலோ அப்படியொரு நிம்மதி! அந்த நிம்மதியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மலைகளைத் தாண்டி ஏழு மணி நேரம் ஓட்டி வந்தேன். சுரங்கப் பாதைகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு அக்ஸலரேட்டரை மிதிப்பேன். சின்னப்பிள்ளை வேலைதான். ஆனால் அன்று பட்ட சந்தோஷத்தை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் இருக்கும் எங்கள் கட்டடத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியதும் சனம் கூடிவிட்டது. மேல்மாடியில் இருக்கும் கார்த்திக்கும் ஓடி வந்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மின்சாரக் கார் வைத்திருக்கிறான்.

"செம வண்டிங்கண்ணா! மைலேஜ் என்ன குடுக்குது?"

"நூறு கிலோமீட்டருக்குப் பதினைஞ்சு லிட்டர் குடிக்குது, தம்பி."

அவன் காரை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "வீட்டுல அண்ணிக்குத் தெரியுங்களா?"

அண்ணிக்குத் தெரியும். அண்ணி ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டாள்.

சுகந்தியின் வேலை இடத்துக்கு இரண்டு வாகனம் மாறிப் போனால் ஒன்றேகால் மணி நேரம். காரில் இருபது நிமிடம். என் ஷிஃப்ட் பத்து மணிக்கு என்பதால் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். அவள் போய்ச் சேர்ந்தால்தான் இரவு வேலை செய்தவள் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பெண் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஓட வேண்டியவள்.

"பதினேழு வருஷத்திலை நான் ஒருநாளும் பிந்தினதில்லை," என்றாள் சுகந்தி. "இந்தக் கார் என்னை ஒருநாள் பிந்த வைச்சுதெண்டா, அண்டைக்கே வித்துப்போடோணும். சரியோ?"

"ஓம்."

"சும்மா ஓம் சொல்லாதேங்கோ."

"சத்தியமா ஓம்."

அப்போது ஜூன் மாதம். ஜூன் மாத வெயிலில் நோர்வேயில் எவனும் எதற்கும் ஓம் சொல்லுவான்!

இந்த மாதிரிக் கார் வாங்கியவன் சும்மா இருப்பானா? மாற்றங்கள் செய்யத் தொடங்கினேன். முதலில் சைலன்சர். இன்னும் கொஞ்சம் உறுமட்டும் என்று பெரிய குழாயாக வாங்கிப் பூட்டினேன். வாகனப் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்தவர் காரின் கீழே குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மிகவும் மரியாதையாக "பழையதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். போட்டேன். அடுத்தது ஸ்பிரிங். காரைத் தாழ்த்தினால் அழகு என்றார்கள். எங்கள் கட்டட வாசலில் இருக்கும் வேகத்தடையில் வயிறு உரசிய சத்தத்துக்கு மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது. அதையும் கழற்றினேன். பிறகு சீட். மெல்லிய ரேஸ் சீட். சுகந்தி ஒருநாள் அதில் இருந்து பார்த்தாள். "எனக்கு இடுப்பு ஒண்டுதான் இருக்கு" என்றாள். கழற்றினேன்.

மூன்று மாற்றம். மூன்றும் இப்போது நிலவறையில் தூங்குகின்றன.

ஒக்டோபரில் பனிக்கால டயர் மாற்றப் போனேன். டயர்க் கடைக்காரர் காரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரம், பின்பக்கத்தில் பாரமே இல்லை. மேட்டில் ஏறாது. டிக்கியில் மண்மூட்டை வையுங்கள்," என்றார். கடை வாசலிலேயே மண்மூட்டை விற்கிறார்கள். விலையும் ஒட்டியிருந்தது.

மண்ணுக்குக் காசு கொடுப்பதா? எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் வந்து சொன்னேன். சுகந்தி சிரிக்கவில்லை.

"அந்தாள் தெரிஞ்சுதானே சொல்லுறான். வாங்கிப் போடுங்கோவன்."

வாங்கினேன். மண் அல்ல... அரிசி. எங்கள் தமிழ்க் கடையில் அந்த வாரம் மலிவு. இருபது கிலோ மூட்டை நான்கு. பின்சக்கரத்துக்கு மேலே வரிசையாக அடுக்கி, பட்டியால் இறுக்கிக் கட்டினேன். பாரத்துக்குப் பாரம். பனிக்காலம் முடிந்ததும் சமைத்துச் சாப்பிடலாம். மண்ணைச் சாப்பிடலாமா?

"ரேஸ் காரை ரேஷன் கடை ஆக்கிட்டீங்களேண்ணா!" என்றான் கார்த்திக்.

சொல்லட்டும். கார் ஏறியது! டிசம்பர் முழுக்க, என் பஸ்ஸே தயங்கும் மேடுகளில் ஒரு சின்னக் குலுக்கலும் இல்லாமல் ஏறியது. நான் செய்த மாற்றங்களில் உருப்படியானது இந்த அரிசி ஒன்றுதான். தலையில் கொம்பு முளைத்தவன் மாதிரித் திரிந்தேன். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கியைத் திறந்து காட்டினேன்.

ஜனவரி தொடக்கத்தில் அடுத்த கட்டடத்துப் பரமண்ணை காலமானார். நல்ல மனிதர். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் முதல் பனிச் சப்பாத்தை வாங்கித் தந்தவர் அவர்தான்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலில் இருப்பவர்கள் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஊரில் அன்றைக்கோ மறுநாளோ உடலை எடுத்துவிடுவார்கள். இங்கே அப்படியில்லை, தகனத்துக்குத் திகதி கிடைக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீடு நிறையச் சனம். பேர்கனிலிருந்து, துரொண்ட்ஹெய்மிலிருந்து எல்லாம் வந்து இறங்கினார்கள். சுகந்தியும் இன்னும் நான்கு பெண்களும் முறைவைத்துச் சமைத்தார்கள். அந்த வாரம் அவளுக்குப் பின்னேர வேலை. பகல் முழுக்கச் சமைத்துவிட்டு ரயிலில் வேலைக்குப் போவாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

நான் வேலை முடிந்து நேரே பரமண்ணை வீட்டுக்குத்தான் போவேன். கதிரை எடுத்துப் போடுவது, வருபவர்களை ரயிலடியிலிருந்து நடத்திக் கூட்டிவருவது... பிறகு சாப்பாடு. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சோறு. துக்க வீட்டில் இதைச் சொல்லக்கூடாதுதான், ஆனால் சோறு பூப்போல இருந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினேன். வேலையில்லாத ஒருநாள் சுகந்திதான் பரிமாறினாள்.

"நல்ல அரிசியா இருக்கே, எங்கை வாங்கினது?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லாமல் அடுத்த ஆளின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது வியாழக்கிழமை மேட்டுக்கு வாருங்கள். தகனமெல்லாம் முடிந்து, சுகந்திக்கு மறுபடியும் காலை வேலை தொடங்கிய முதல் நாள் அது.

"நான் நடக்கிறன்," என்று சுகந்தி இறங்கினாள். முழங்கால் வரைக்கும் பனி. நானும் இறங்கி, பாரம் நகர்ந்துவிட்டதோ என்று டிக்கியைத் திறந்தேன்.

ஒரு மூட்டை. ஒரேயொரு மூட்டை! மற்ற மூன்றையும் காணவில்லை. பட்டி மட்டும் சுருட்டி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு இரத்தம் கொதித்தது. இந்த ஊரில் சைக்கிள் களவு போகும், சரி. அரிசி களவு எடுக்கிறவன் யார்? நிச்சயம் எங்கள் ஆள்தான்!

"சுகந்தி! அரிசியைக் களவெடுத்துப் போட்டாங்கள்!"

மேட்டில் பத்தடி ஏறியிருந்தவள் நின்றாள். திரும்பினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு ஏதோ விளங்கத் தொடங்கியது.

"அது... பரமண்ணை வீட்டை போனது."

"எத்தினை?"

"முதல் ஒண்டுதான் எடுத்தனான். பிறகு பேர்கன் ஆக்களும் வந்திட்டினம்..."

"மூண்டையுமோ?"

"நீங்களும்தானே சாப்பிட்டனியள்!"

என் காரின் பிடிமானத்தை நானே, பருப்போடு பிசைந்து, இரண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்று முடித்திருக்கிறேன்.

அவள் ஏறிப் போய்விட்டாள். பனி தள்ளும் ட்ராக்டர்காரர் ஒருவர் வந்து, என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பின்சக்கரத்தின் கீழே மண்ணைக் கொட்டினார். கார் உடனே வெளியே வந்தது. மண்ணால்தான் வந்தது. கவனித்தீர்களா?

சுகந்தி போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பத்தாறு. பதினாறு நிமிடம் பிந்திவிட்டாள்.

அன்று எனக்கு விடுமுறை. வீட்டுக்கு வந்து, காரைக் கழுவி, நான்கு பக்கமும் படம் பிடித்து, விளம்பரம் எழுதினேன். சத்தியம் பண்ணியவன் எழுதத்தானே வேண்டும்? ஏழு மாதம்தான் வைத்திருந்தேன் என்று எழுதும்போது, அந்தத் துரொண்ட்ஹெய்ம் பல் வைத்தியரின் கண் நினைவுக்கு வந்தது.

பின்னேரம் சுகந்தி வந்தாள். சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்.

"ராத்திரி வேலை செய்தவள் 'டெ கோர் ப்ரா' எண்டவள். பரவாயில்லையாம். ஆனா ஜாக்கெட்டைப் போட்டு, பையைத் தோளிலை கொழுவிக்கொண்டு வாசல்லை நிண்டவள். அதைப் பாக்கத்தான் எனக்கு அழுகை வந்திட்டுது."

நான் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். வாசித்தாள்.

"பனிக்கு நல்ல கார் எண்டு எழுதியிருக்கிறியள். பொய்யெல்லோ?"

"அரிசி இருந்தா நல்ல கார்தான்."

"அப்ப அரிசியோடையே விக்கப் போறியள்?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. அவளுக்கும் வரவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கமே திருப்பிவிட்டாள்.

"அதை அழியுங்கோ. கார் என்னைப் பிந்த வைக்கேல்லை. அரிசியை எடுத்தது நான். சொல்லாமல் எடுத்ததும் நான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா தந்திருப்பியள். வேண்டாமெண்டு சொல்லியிருக்கமாட்டியள், அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பியள். பரமண்ணைக்குக் குடுக்கிற அரிசிக்கு நீங்கள் காரை நினைச்சு யோசிக்கிறதை நான் பாக்க விரும்பேல்லை."

சுட்டது. பொய்யென்றால் சுடாது. அவள் சொன்ன அந்த ஒரு நிமிடம் நான் யோசித்துத்தான் இருப்பேன். கார் வாங்குவதற்கு முந்திய நான் என்றால், கேட்க முன்னமே மூட்டையைத் தோளில் தூக்கியிருப்பேன். எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்த மனிதர்!

நாங்கள் காரை மாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். சைலன்சரை மாற்றுகிறோம், ஸ்பிரிங்கை மாற்றுகிறோம்... அது சத்தமில்லாமல் எங்களை எங்கே மாற்றிவைத்திருக்கிறது என்று எந்தப் பரிசோதனை நிலையமும் குனிந்து பார்த்துச் சொல்லாது.

வெள்ளிக்கிழமை காலை அவளை நேரத்தோடு கார்த்திக்கின் மின்சாரக் காரில் அனுப்பினேன். மிச்சமிருந்த நான்காவது மூட்டையை டிக்கியிலிருந்து எடுத்து, தோளில் சுமந்து போய், பரமண்ணை வீட்டில் இறக்கினேன். முப்பத்தோராம் நாள் சடங்குச் சமையலுக்கு வேண்டும்தானே.

அங்கிருந்து நேரே டயர்க் கடைக்குப் போனேன். நான்கு மூட்டை மண். முழு விலை கொடுத்து வாங்கினேன்.

பின்னேரம் வந்து சுகந்தி டிக்கியைத் திறந்து பார்த்தாள். ஒரு மூட்டையைத் தட்டியும் பார்த்தாள்.

"நல்லது. இதை ஒருத்தரும் கேட்டு வரமாட்டினம்," என்றாள். "நீங்களும் ரெண்டாந்தரம் கேக்கமாட்டியள்."