பாலத்தின் அடியைப் பார்த்தவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. "அமைதியாக இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதச் சொன்னார்கள். அப்பா அமைதியாகப் போகவில்லை. கோபத்தோடு போனார். அதில் பாதியாவது இங்கே அச்சாக வேண்டும்.

அப்பா பிறந்தது களமருதூரில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்து, படித்து, இராணுவத்தில் பொறியாளரானார். எல்லையோர ஆறுகளில் பாலம் போடுவது அவர் வேலை. விடுப்பில் வந்தால் அம்மாவை அடுப்படிப் பக்கம் விடமாட்டார். அவர் வைக்கும் ரசத்தில் உப்பு எப்போதும் தூக்கல்தான். முகம் வாடிவிடுமே என்று நாங்கள் வாய் திறந்ததில்லை. பாலம் எதையாவது கடந்தால், "மேல பாக்காத, அடியில பாரு" என்று எனக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொண்டே வருவார்.

ஓய்வுபெற்றபின் கள்ளக்குறிச்சியில் குடியேறினோம். நான் கல்வராயன் மலையில் பள்ளி ஆசிரியை. ஒரு நாள் என்னைப் பள்ளியில் விட வந்தவர், வழியில் ஓடைப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி இறங்கினார். தூணின் அடியில் ஒரு மூங்கில் கழியைச் செருகினார். கழி முழுவதும் உள்ளே போயிற்று. அடித்தளத்தைப் பாறைவரை இறக்காமல் மணலிலேயே நிறுத்தியிருந்தார்கள். அந்த மணலை ஓடை அரித்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து தினமும் அதன்மேல்தான் போகிறது.

அதை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா.

அப்பா நேரே நைனார்பாளையத்தில் மாமா வீட்டுக்குப் போய், "நீயே பாலத்த மூடிடு. நான் கூட நின்னு சரி பண்ணித் தரேன்" என்று மன்றாடினார். மாமா சிரித்தார்.

"இன்னா மாமா, நீங்க பட்டாளத்து டாங்கி போவுறதுக்குப் பாலம் கட்டுனவரு. இது மலை ஓடைங்க. இதுக்குப் போயி பயப்படுறீங்களே!"

அடுத்த வாரம் பாலத்துக்கு வெள்ளையும் மஞ்சளுமாக வர்ணம் அடித்தார்கள். அப்பாவுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

ஆட்சியரிடம் மனுக் கொடுக்கக் கிளம்பியவரை மறித்தது யார்? உறவினர்களே, நீங்கள்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, "சொந்தத்துக்குள்ள வம்பு வாணாங்க, அவன் பொழப்பு பூடும்" என்றீர்கள். அம்மாவும் அழுதார். "எங்கூடப் பொறந்தவன நீங்களே மாட்டி வுடுவீங்களா?" அந்த அழுகைக்காகத்தான் அப்பா மனுவைக் கொடுக்கவில்லை. வேறு எதற்கும் பணிந்தவர் அல்லர்.

சும்மாவும் இருக்கவில்லை. ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூணடியில் கல்லும் மணல் மூட்டையும் அடுக்கினார். நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் இறங்கவே இல்லை. மருத்துவமனையில் மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்:

"பஸ்சு இன்னும் அது மேலதான் போய்க்கினு இருக்குதா?"

"ஆமாம்பா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படியே போய்விட்டார்.

இப்போது "குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறீர்கள். உண்மைதான். அந்தக் குடும்பம்தான் அவர் வாயை அடைத்தது. பேனரில் அப்பாவின் படத்தைவிட மாமாவின் படம் பெரிது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவோடு தண்ணீரில் நின்று கல் சுமந்த மலையூர் இளைஞர்கள், இப்போது பாலத்துக்கு முன்பே பிள்ளைகளை இறக்கி நடக்கவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக் கடக்கும் ஓட்டுநர் அண்ணன், கடைசிவரை முகம் சுளிக்காத செவிலியர்கள், இவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு எழுத்துகூட கம்மி பண்ணாத, அப்டியே போடு" என்றார். அப்பா கொடுக்காத மனுவை நேற்று நாங்கள் கொடுத்துவிட்டோம். முதல் கையெழுத்து அம்மாவுடையது.

காரியம் முடிந்ததும் கொள்ளி வைத்த பிள்ளையின் தலையில் தாய்மாமன் புதுத்துணியால் உருமால் கட்டுவது நம் வழக்கம். மாமா, நீங்களும் புதுத்துணியோடு வந்திருப்பீர்கள். என் தம்பி அதற்காக உங்கள் முன் தலை குனிய மாட்டான். போய், அந்தப் பாலத்தை மூடிவிட்டு வாருங்கள். அதுவரை அவன் வெறுந்தலையோடு இருப்பான்.